இரண்டாம் பிறப்பும் தீமையினின்று காவலும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர்த் திருச்சபையிலே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடைபெற்றது. குழந்தையின் தகப்பன் என்னிடம் படித்த மாணவன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது குழந்தையை ஏந்தியவாறு என் அருகே வந்து நின்றான். குழந்தையின் நெற்றியிலே ஞானஸ்நானத் தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை. மணிக்கட்டிலே ஒரு கறுப்பு நூல் கட்டப்பட்டிருந்தது.

"ஐயா, இனி இந்த நூலை அறுத்து விடலாந்தானே? ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு நாவூறு, கண்ணூறு ஒன்றும் படாதுதானே?" என்று அவன் கேட்டான்.

வேடிக்கைக்காகக் கேட்கப்பட்ட கேள்வியன்று அது. முதற் பிள்ளையை நோயிலே பறிகொடுத்தவன் அவன். அறுத்து விடு என்று சொல்ல என் நா எழவில்லை. இருக்கட்டும் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. "போதகரைக் கேள், தம்பி" என்று கூறி நழுவிவிட்டேன். மாணவன் கேட்ட கேள்விக்கு விடை கூறாது நழுவுதல் ஆசிரியனுக்கு அழகன்று. அன்று கூறாத விடையை இன்று உங்கள் முன்னிலையிலே கூற முயல்கிறேன்.

அவன் கேட்டது ஒரு கேள்வி போலத் தோன்றினும் அதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கிறிஸ்தவர்கள் கூறும் இரண்டாம் பிறப்பு யாது என்பது ஒன்று. அப்பிறப்பு மனிதனைத் தீமையினின்று எவ்வாறு காக்கிறது என்பது மற்றொன்று.

முதலிலே சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். மறுபிறப்பு என்றவுடன் நம் நாட்டவர் உள்ளத்தில் எழுவது, உயிர் தன் வினைக்கீடாக இவ்வுடலை நீத்து வேறோர் உடலை எடுத்தல் என்னும் கருத்தே. பூணூல் தரிப்போரை இருபிறப்பாளர் என்று அழைக்கும் வழக்கும் நம்மிடையே உண்டு. கிறிஸ்தவ சமயம் கூறுவது இவ்விரண்டுமன்று. இறந்தபின் நிகழ்வதன்று, இம்மையிலேயே நிகழ்வது. குலத்தால் வருவதன்று, எக்குலத்தாருக்கும் உரியது. அதே உடல், அதே வீடு, அதே தொழில். ஆனால் அவற்றை இயக்கும் ஊற்று மட்டும் புதியது.

இக்கருத்து விரிவாகப் பேசப்படும் இடம் யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரம். நிக்கொதேமு என்பவர் பரிசேயர். யூதரின் ஆலோசனைச் சங்கத்தைச் சேர்ந்தவர். ஊரார் மதிக்கும் போதகர். அவர் இயேசுவைத் தேடி இரவிலே வருகிறார். ஏன் இரவிலே வந்தார் என்பதைச் சுவிசேஷம் கூறவில்லை. பகலிலே வந்திருந்தால் பலர் கண்டிருப்பர் என்பதை மட்டும் நாம் ஊகிக்கலாம். மனிதன் மீண்டும் பிறந்தாலன்றி இறையாட்சியைக் காணவியலாது என்ற கருத்தை இயேசு அவருக்கு உரைத்தபோது, முதியவன் ஒருவன் தாயின் வயிற்றினுள் இரண்டாந்தரம் புகுவது எங்ஙனம் என்று அவர் வியந்தார்.

அவர் அவ்வாறு தடுமாறியதற்குக் காரணம் உண்டு. அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'மறுபடியும்' என்பது ஒரு பொருள். 'மேலிருந்து' என்பது மற்றொரு பொருள். நிக்கொதேமு முதற் பொருளையே பற்றிக்கொண்டார். இயேசுவோ மேலிருந்து வரும் பிறப்பைப் பற்றிப் பேசினார். அவர் காட்டிய உவமை காற்று. காற்று வருவது எங்கிருந்து, போவது எங்கே என்று நாம் அறியோம். ஆயினும் அதன் ஒலியைக் கேட்கிறோம். கிரேக்க மொழியிலே காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான். தமிழிலும் ஆவி என்னும் சொல்லுக்கு உயிர் என்றும் மூச்சு என்றும் பொருளுண்டு. ஆதலின் இவ்வுவமை நமக்குப் புறம்பானதன்று.

அன்றிரவு நிக்கொதேமு மறுபடியும் பிறந்தாரா? சுவிசேஷம் கூறவில்லை. ஆனால் அதே நூலிலே அவரை இன்னும் இரண்டு முறை காண்கிறோம். 7ஆம் அதிகாரத்திலே, ஒருவனை விசாரியாமல் குற்றவாளியாகத் தீர்க்கலாமா என்று சங்கத்தாரின் நடுவே கேட்கிறார்; அதற்காக ஏளனமும் பெறுகிறார். 19ஆம் அதிகாரத்திலே, சிலுவையில் மரித்தவரின் உடலை அடக்கம் செய்வதற்கு ஏறக்குறைய 100 இறாத்தல் வாசனைத் திரவியங்களைக் கொண்டு வருகிறார். ஒருகாலத்தில் இருளிலே வந்தவர், சீடர்களிற் பலர் ஒளிந்துகொண்ட வேளையிலே, யாவரும் அறிய முன்வருகிறார். பிறந்த நாழிகை எழுதப்படவில்லை, வளர்ச்சி எழுதப்பட்டிருக்கிறது. இதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, காவல் என்னும் இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

4ஆம் நூற்றாண்டிலே எருசலேம் நகரில் ஞானஸ்நானம் பெற்றோருக்கு அளிக்கப்பட்ட போதனைகள் அந்நகரப் பேராயராகிய சிறில் என்பவரின் பெயரால் இன்றும் கிடைக்கின்றன. ஞானஸ்நானம் பெற வருவோர் முதலில் மேற்குத் திசையை நோக்கி நிறுத்தப்படுவர். மேற்கு ஞாயிறு மறையும் திசை, இருளின் திசை. அங்கே தீயோன் எதிரே நிற்பதாகப் பாவித்து, கையை நீட்டி, அவனையும் அவன் செயல்களையும் விட்டொழிப்பதாக அறிக்கையிடுவர். பின்னர் கிழக்கு நோக்கித் திரும்பித் தம் விசுவாசத்தை அறிக்கையிடுவர். அதன் பின்னரே தண்ணீரில் இறங்குவர். விட்டொழிக்க வேண்டியவற்றை எடுத்துரைக்கும்போது அப்போதனை தாயத்துகளையும், ஏடுகளில் எழுதிய மந்திரங்களையும், குறி பார்த்தலையும் பெயர் கூறிக் குறிப்பிடுகிறது. என் மாணவன் கேட்ட கேள்வி ஏறக்குறைய 1,600 ஆண்டுப் பழமை உடையது என்பதை இதனால் அறியலாம்.

தாயத்து விலக்கப்பட்டது. அவ்வாறாயின் ஞானஸ்நானமே தாயத்தின் இடத்தைப் பெற்றுவிட்டதா? இவ்விடத்திலேதான் பலரும் வழி தவறுகிறோம்.

இயேசு யோர்தான் நதியிலே ஞானஸ்நானம் பெற்றார். அதனை அடுத்து நிகழ்ந்தது யாது? அவர் பாதுகாப்பான மாளிகை ஒன்றுக்குக் கொண்டு செல்லப்படவில்லை. வனாந்தரத்துக்கே கொண்டு செல்லப்பட்டார். அங்கே 40 நாள் உபவாசமிருந்தார், சோதிக்கப்பட்டார். மத்தேயு கூறும் வரிசைப்படி இரண்டாவது சோதனை எருசலேம் தேவாலயத்தின் உச்சியிலே நிகழ்கிறது. கீழே குதித்துப் பார், தூதர்கள் தாங்கிக் கொள்வர் என்று சோதனைக்காரன் சொல்கிறான். அதற்கு ஆதாரமாக அவன் எடுத்துக்காட்டுவது வேதத்தின் 91ஆம் சங்கீதம். நம் கிறிஸ்தவ வீடுகளிலே இரவு வேளையில் காவலுக்கென்று பலர் ஓதும் அதே சங்கீதம். காவலைப் பற்றிய வேதவாக்கியத்தை மந்திரம்போலப் பயன்படுத்தத் தூண்டியவன் சோதனைக்காரன். அதனை மறுத்தவர் இயேசு. சங்கீதத்தை ஓதுவது தவறு என்று நான் கூறவில்லை. அதனை நூலாக்கி மணிக்கட்டில் கட்டிக்கொள்வதே தவறு என்று கூறுகிறேன்.

அப்படியானால் காவல் என்பது யாது? இயேசு தம் சீடருக்காக வேண்டிக்கொண்டபோது, அவர்களை உலகத்தினின்று அகற்றிவிடும்படி கேட்கவில்லை. தீமையினின்று காக்கும்படியே கேட்டார். யோவானின் முதலாம் நிருபமோ, தேவனாற் பிறந்தவனைத் தீயோன் தொடமாட்டான் என்னும் கருத்தைத் தன் இறுதிப் பகுதியிலே கூறுகிறது. அங்கே தொடுதல் என்று பெயர்க்கப்படும் கிரேக்கச் சொல்லுக்குப் பற்றிப் பிடித்தல் என்ற பொருளும் உண்டு. நோய் வரலாம்; நட்டம் வரலாம்; பகை வரலாம்; மரணமும் வரும். ஆனால் தீமை அவனைத் தன் உடைமையாக்கிக் கொள்ள முடியாது என்பதே பொருள். அந்நிருபத்தின் தொடக்கத்திலேயே, நம்மிடம் பாவமில்லை என்போமாயின் நம்மையே நாம் ஏமாற்றுகிறோம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். எதிர்க்க வேண்டிய தீமை வெளியிலே மட்டுமன்று, நம் உள்ளேயும் இருக்கிறது. அதிலும், நாம் தீமையென்றே அறியாத வடிவிலே இருக்கிறது.

இதனை விளக்க ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ஜோன் நியூற்றன். 1725ஆம் ஆண்டு இலண்டனிலே பிறந்தவர். தந்தையார் கப்பல் தலைவர். பக்தியுள்ள தாயாரை ஏழு வயது நிரம்புமுன்னரே இழந்தார். இளமையிலே கடலுக்குச் சென்றார். 1744இல் கடற்படையிற் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டார். தப்பியோட முயன்று பிடிபட்டுக் கசையடி பெற்றார். பின்னர் மேற்கு ஆபிரிக்கக் கரையிலே அடிமை வணிகன் ஒருவனிடம் தாமே அடிமைபோல் இழிநிலையில் வாடினார். கடவுளைப் பழிப்பதில் மாலுமிகளே அஞ்சும் அளவுக்கு வாய்த்துடுக்கு உடையவராயிருந்தார்.

1748ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள். அவர் ஏறிவந்த கிரேஹவுண்ட் என்னும் கப்பல் வட அத்திலாந்திக் கடலிலே கொடும் புயலில் அகப்பட்டது. கப்பலின் பக்கம் உடைந்து நீர் புகுந்தது. பல மணி நேரம் நீரிறைத்து ஓய்ந்தவர், பின்னர் சுக்கான் பிடிக்க நின்றார். அந்நேரத்தில், பல ஆண்டுகள் பழித்துவந்த கடவுளின் இரக்கத்தை அவர் நாடினார். கப்பல் சிதைந்த நிலையில் ஏப்ரல் மாதம் அயர்லாந்துக் கரையை அடைந்தது. தம் புதுவாழ்வின் தொடக்கமாக அந்த நாளை அவர் முதுமை வரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வந்தார்.

நேயர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் மேடைப் பிரசங்கத்துக்கு மிக வசதியாயிருந்திருக்கும். ஆனால் முடியவில்லை. அதே 1748ஆம் ஆண்டிலே நியூற்றன் அடிமைக் கப்பலொன்றில் அதிகாரியாகச் சென்றார். 1750க்கும் 1754க்கும் இடையில் மூன்று பயணங்களில் அடிமைக் கப்பலின் தலைவராகவே இருந்தார். மேல்தட்டிலே ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார். தமக்கென நாட்குறிப்பு எழுதித் தம் ஆத்துமாவை ஆராய்ந்தார். கீழ்த்தட்டிலே ஆபிரிக்க மக்கள் இருவர் இருவராக விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். காலையிலே பார்க்கும்போது உயிருள்ளவரும் இறந்தவரும் ஒரே விலங்கிற் பிணைந்திருந்த காட்சிகள் அவ்வணிகத்தில் உண்டு என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். கலகம் செய்யச் சதி செய்ததாக ஐயுற்றுச் சிறுவர்களின் விரல்களுக்கு நெருக்கு கருவி இட்டதையும் அவருடைய கப்பற் குறிப்பேடு காட்டுகிறது.

இவர் கபடரா? அவ்வாறு கூறிவிட்டால் நமக்கு எளிது. ஆனால் அவர் கபடரல்லர். அந்தத் தொழில் நேர்மையற்றது என்ற எண்ணமே அக்காலத்தில் தமக்கு எழவில்லை என்று அவர் மனந்திறந்து கூறியிருக்கிறார். சட்டம் அனுமதித்தது, மதிப்புள்ளோர் முதலிட்டனர், ஊரார் ஒப்பினர். ஆகவே அந்தத் தீமைக்குத் தொழில் என்ற பெயர் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. புயலினின்று காக்கப்பட்டவர் இந்தத் தீமையினின்று இன்னும் காக்கப்படவில்லை.

1754இல் திடீரென ஏற்பட்ட நோயினாற் கடல் வாழ்வை விட்டார், மனச்சாட்சியினாலன்று. 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் சிற்றூரிலே பணியாற்றினார். உலகெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் கீர்த்தனையை 1773ஆம் ஆண்டின் புத்தாண்டு ஆராதனைக்காக எழுதினார். அப்போதுகூட அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. 1785இல் இளம் பாராளுமன்ற உறுப்பினராகிய வில்லியம் வில்பர்போர்ஸ் ஆத்தும ஆலோசனை நாடி அவரிடம் வந்தார். நிக்கொதேமுவைப் போல மறைவாகவே வந்தார். அரசியலைத் துறந்துவிடவேண்டாம், அங்கேயே நின்று தொண்டாற்றுக என்று முதியவர் அவரை ஊக்கினார். 1788இல், புயல் வீசி 40 ஆண்டுகள் கழிந்தபின், நியூற்றன் ஆபிரிக்க அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அதிலே தம் பங்கை மறைக்கவில்லை. இந்த அறிக்கை மிகவும் பிந்தியது என்பதையும், தம்மால் நேர்ந்த துன்பத்தை அது மாற்றாது என்பதையும் ஒப்புக்கொண்டார். விசாரணையாளர் முன் சாட்சியமும் கூறினார். 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரித்தானியப் பேரரசில் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு திசெம்பர் மாதத்திலே தமது 82ஆம் வயதில் அவர் கண்மூடினார்.

இவ்வரலாற்றை நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில் வகுப்பிலே கூறிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மேல்தட்டில் நின்று ஜெபம் செய்தவருக்குக் கீழே இருந்தவர்களின் குரல் கேட்கவில்லையா?" என்று கேட்டான். அக்கேள்வி என்னைச் சிறு வயதுக்கு இழுத்துச் சென்றது.

என் பாட்டனார் வீட்டிலே மாலை ஜெபம் ஒருநாளும் தவறியதில்லை. எங்கள் தோட்டத்தைக் கொத்துவதற்கு ஒரு முதியவர் வருவார். வயதிலே பாட்டனாருக்கும் மூத்தவர். அவருக்கெனக் கிணற்றடி வேலிக் கதியாலிலே ஒரு சிரட்டை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். தாகம் என்று அவர் வந்தால் அச்சிரட்டையை ஏந்துவார். சிறுவனாகிய நான் செம்பு அதிலே படாதபடி உயரத்தில் நின்று தண்ணீர் வார்ப்பேன். நான் அவரைப் பெயர் சொல்லி, வா, போ என்றே அழைத்தேன். அவரோ என்னைப் பன்மையிலே விளித்தார். அவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலே கடைசி வாங்கில் இருப்பார். திருவிருந்தின்போது எங்கள் குடும்பத்தார் பருகிய அதே பாத்திரத்திலே அவரும் பருகினார். வீட்டுக்கு வந்தால் சிரட்டையிலே பருகினார்.

என் பாட்டனார் கொடியவரல்லர். நோயுற்ற அயலவருக்காக இரவிரவாக விழித்திருந்து ஜெபித்தவர். அச்சிரட்டையிலே தீமை இருந்ததென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தீமையினின்று எங்களைக் காத்தருளும் என்று ஒவ்வொரு மாலையும் முழந்தாளிட்டு வேண்டினோம். இருளையும் பாம்பையும் காய்ச்சலையும் நினைத்து வேண்டினோம். வேலியிலே தொங்கிய தீமையை நினைக்கவில்லை. வகுப்பிலே அந்த மாணவன் கேள்வி கேட்ட நாளில் முதியவர் உயிரோடிருக்கவில்லை. அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பிந்தி வரும் அறிக்கையின் கசப்பை நியூற்றனின் நூலிலிருந்து மட்டும் நான் அறிந்தவனல்லன்.

ஆகவே, நேயர்களே, இரண்டாம் பிறப்பு என்பது முடிந்துபோன ஒரு சம்பவம் என்று எண்ணுதல் ஆபத்தானது. பிறந்த குழந்தை கண்ணை விழித்தவுடன் யாவற்றையும் இனங்கண்டு கொள்வதில்லை. முதலில் வெளிச்சத்தை அறிகிறது; பின்னர் தாயின் முகத்தை; நெடுநாட் சென்றே மற்றவரின் முகங்களை. மேலிருந்து பிறந்தவனும் அவ்வாறே. தன் துன்பத்தை முதலிலே காண்கிறான். பிறகு தன் பாவத்தை. இறுதியாக, தன்னால் துன்புறுவோரின் முகத்தைக் காண்கிறான். அம்முகத்தைக் காணும் வரையில் அவன் வளர்ச்சி நிறைவு பெற்றதன்று. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம் சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம் முதலியவற்றைப் போர்வீரனின் சர்வாயுதமாக உருவகிக்கிறது. ஆயுதத்தைத் தரித்துக்கொள்ளும்படி அது நமக்கே கட்டளையிடுகிறது. கச்சை தானாக இடையில் ஏறுவதில்லை. நாமே எடுத்துக் கட்டிக்கொள்ளுதல் வேண்டும். அவற்றுள் முதலில் கூறப்படுவது சத்தியம் என்பது கவனிக்கத்தக்கது. உண்மையைக் காண மறுப்பவனுக்கு மற்ற ஆயுதங்களாற் பயனில்லை.

இனி, என் மாணவனுக்கு விடை கூறுகிறேன்.

தம்பி, நூலை அறுத்து விடலாம். ஆனால் அதனிடத்திலே ஞானஸ்நானத்தை மற்றொரு நூலாகக் கட்டிவிடாதே. உன் முதற்பிள்ளை நோயிலே போனது காவல் குறைந்ததனாலன்று. அவ்வாறு எண்ணி உன்னையும் உன் மனைவியையும் வருத்தாதே. இந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும், வந்தால் வைத்தியரிடம் கொண்டுபோ, ஜெபமும் செய். அந்தத் தண்ணீர் துன்பம் வராதென்று உறுதி கூறவில்லை. துன்பத்திலும் இப்பிள்ளை தீமைக்கு உரியதன்று, ஆண்டவருக்கு உரியது என்றே கூறுகிறது. அது உனக்கும் சபையாராகிய எங்களுக்கும் ஒரு கடமையை விதித்திருக்கிறது. பிள்ளை வளரும்போது, ஊரார் வழக்கமென்று ஒப்பிய தீமையையும் தீமையென்று காணும் கண்ணை அதற்குத் தரவேண்டும். அக்கண் திறப்பதற்கு நியூற்றனுக்கு 40 ஆண்டு சென்றது. உன் பிள்ளைக்கு அத்தனை காலம் வேண்டாம்.

நேயர்களே, இன்றிரவு நம்மிற் பலர், எச்சமயத்தவராயினும், தீமையினின்று காத்தருளும்படி வேண்டிக்கொண்டே உறங்கச் செல்வோம். அந்த வேண்டுதலோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோமாக. என் கையினாற் பிறருக்கு வரும் தீமையை எனக்குக் காட்டியருளும். அதினின்று அவர்களையும் என்னையும் காத்தருளும் என்று வேண்டுவோமாக. அந்த வேண்டுதல் உள்ளத்திலே மெய்யாக எழும் நாளில், காற்றின் ஒலி நம் செவியிலும் விழுந்ததென்று அறியலாம்.